சோலைக்காட்டுச் சருகில் வாழும் கூன்வண்டுகள்: புதிய இனமொன்று விவரிக்கப்படும் முறை

தென்னையின் தண்டைக் குடைந்து மரத்தையே சாய்த்துவிடும் சிவப்புக் கூன்வண்டை அறியாத களப்பணியாளர் இலர். அரிசியில் காணும் சிறு வண்டு, வாழையின் கிழங்கைத் துளைப்பது, சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கசக்கச் செய்வது, மாங்கொட்டைக்குள் வளர்ந்து வெளிப்படுவது ஆகிய யாவும் அதன் உறவினங்களே. இவையெல்லாம் தீங்கு செய்வதனாலேயே நமக்கு அறிமுகமாயின. ஆனால் கூன்வண்டுக் கூட்டத்தில் இத்தகையவை மிகச் சிலவே. 2007ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, உலகில் பெயரிடப்பட்ட கூன்வண்டினங்கள் ஏறக்குறைய 62,000 எனக் கண்டனர். உலகின் பறவையினங்கள் அனைத்தும் சுமார் 11,000 என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயரிடப்படாதவை இதனினும் பன்மடங்கு இருக்கும் என்பது இத்துறை அறிஞர் கருத்து. அவற்றுள் பெரும்பகுதி மலைக்காடுகளின் தரையில், இலைச்சருகின் அடியில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையனவாய் மறைந்து வாழ்கின்றன.

கூன்வண்டை மற்ற வண்டுகளிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. தலை முன்புறமாக நீண்டு ஒரு மூக்குப்போல் வளைந்திருக்கும். வாயுறுப்புகள் அம்மூக்கின் நுனியில் உள்ளன. உணர்கொம்பு பெரும்பாலானவற்றில் முழங்கைபோல மடங்கும். அதன் முதற்கணு நீண்டு, மூக்கின் பக்கத்திலுள்ள பள்ளத்தில் படிந்து அடங்கும். பல இனங்களில் பெண்வண்டு இம்மூக்கினால் தாவரத்தில் துளையிட்டு, அத்துளையில் முட்டையிடுகிறது. புழுவுக்குக் கால்கள் இல்லை. அது வெண்ணிறமாகப் பிறைபோல் வளைந்திருக்கும். ஆசிரியர்கள் இவற்றை மாணவர்க்குக் காட்ட விரும்பினால் பழைய அரிசி ஒரு பிடி போதும்.

சருகில் வாழும் இனங்களில் இவ்வமைப்போடு வேறு சில மாறுதல்களும் காணப்படுகின்றன. அவை பறப்பதில்லை. பின்னிறகுகள் சிறுத்துப்போயிருக்கும், அல்லது முற்றிலும் இல்லாதொழிந்திருக்கும். மேலுள்ள கடின இறகுகள் இரண்டும் நடுக்கோட்டில் ஒட்டி ஒரே ஓடுபோல் ஆகிவிடுகின்றன. பறக்கும் தசைகளுக்கு இடம் தேவையில்லாமையால் மார்பின் கடைப்பகுதி குறுகிவிடுகிறது. கடின இறகுகளின் தோள்பட்டை சரிந்து, உடல் முட்டைவடிவம் பெறுகிறது. கண்கள் சிறியன. உடலின் மேலுள்ள செதில்களிலும் மயிர்களிலும் மண் ஒட்டிக்கொள்வதால், கையில் எடுத்துப் பார்த்தாலும் மண் துகளென்றே தோன்றும்.

பறக்கவியலாமை என்னும் இந்த ஒரு செய்தியே மற்றெல்லாவற்றுக்கும் காரணமாகிறது. ஈரமும் குளிர்ச்சியும் குறையாத சருகில் வாழப் பழகிய வண்டு, வெப்பமான பள்ளத்தாக்கையோ வறண்ட புல்வெளியையோ நடந்து கடப்பது அரிது. ஆகவே ஒரு மலையின் உச்சிக்காட்டில் வாழும் கூட்டம், அடுத்த மலையிலுள்ள கூட்டத்தினின்று நெடுங்காலம் பிரிந்து, வெவ்வேறு இனங்களாக மாறிவிடுகிறது. கடலிலுள்ள தீவுகளில் நிகழ்வதே இம்மலை உச்சிகளிலும் நிகழ்கிறது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ‘டிரைகோனோப்டீரஸ்’ என்னும் பறவாத கூன்வண்டுப் பேரினத்தை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ரீடல் குழுவினர், 2013ஆம் ஆண்டில் நியூகினியிலிருந்து மட்டும் ஒரே கட்டுரையில் 101 புதிய இனங்களை வெளியிட்டனர். பெயர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டபடியால், அந்நாட்டுத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து குடும்பப் பெயர்கள் பலவற்றை எடுத்து வைத்தார்களாம்!

நம் பக்கத்திலும் இத்தகைய மலைத்தீவுகளுக்குக் குறைவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதி மலை எழுகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், ஆனைமலை, புல்மலை, இரவிகுளம், மூணாறு எனத் தொடர்ந்து மலைகள் உயர்ந்து, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியில் உச்சத்தை அடைகின்றன. நிலப்படத்தில் பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் நேரே தொட்டுக்கொள்வதில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறைப் பகுதியும் திருச்சூர் மாவட்டத்து மலைக்காடுகளும் இடையில் உள்ளன. ஆயினும் காடு அந்த எல்லைக்கற்களை அறியாது. சுமார் 1,500 மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகிப் பாசி படர்ந்து, ஆண்டின் பெரும்பகுதி முகில் மூடிய சோலைக்காடுகளாகின்றன. மழை இல்லாத நாளிலும் இலைகளில் முகிலின் நீர் படிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். குளிர்ச்சியினால் சருகு மெதுவாகவே மட்குகிறது. அதனால் தரையில் தடித்த பஞ்சுமெத்தைபோல் சருகும் மட்கும் சேர்ந்துள்ளன. இச்சோலைகள் பெரும்பாலும் மலை மடிப்புகளில் மட்டும் இருக்க, இடையிடையே புல்வெளிகள் பரந்துள்ளன. பறவாத வண்டுக்கு இரண்டு சோலைகளுக்கிடையே உள்ள ஒரு கிலோமீட்டர் புல்வெளியே பெருந்தடையாகலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் அகலமோ ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இறகுள்ள உயிர்களையே அது பிரித்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் சோலைக்காட்டுப் பறவைகளுக்கென ‘ஷோலிகோலா’, ‘மான்டிசிங்க்லா’ என்னும் புதிய பேரினங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பகுதியில் ஓரினமும், தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பகுதியில் வேறோரினமும் உள்ளன. பறவைக்கே இந்நிலையென்றால், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள இறகற்ற வண்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டில்தான் இடுக்கியிலிருந்து ஊதாத் தவளை என்னும் பருமனான ஒரு பிராணியே அறிவியலுக்கு அறிமுகமாயிற்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தியக் கூன்வண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி பழமையானதே. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் தாம் அறிந்த கூன்வண்டுகளைப் பெரும்பாலும் ‘குர்குலியோ’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். 1916ஆம் ஆண்டில் கை மார்ஷல் என்பவர் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்குத்தொகுதி’ வரிசையில் கூன்வண்டுகளுக்கான முதற்பகுதியை வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் இன்றும் அதைத் திறவாமல் இத்துறையில் எவரும் வேலை தொடங்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் இலையைத் தின்னும் குட்டைமூக்குக் கூன்வண்டுகளைப் பற்றியது. 1922ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் பூச்சியியல் அறிஞராக விளங்கிய டி. வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியக் கூன்வண்டுகளைப் பற்றிப் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலைய வெளியீடாக ஒரு நூல் எழுதினார். பயிருக்குத் தீங்கு செய்யும் இனங்களுக்கே அதில் முதலிடம். இருவர் மேலும் குறை கூறுவதற்கில்லை. அக்காலச் சேகரிப்பாளர்கள் வலையால் புதர்களைத் தட்டிப் பிடித்தவற்றையே அனுப்பினர். சருகைச் சலித்தவர் மிகச் சிலர்.

தென்னிந்தியச் சருகை முறைப்படி சலித்தவர்களுள் ஜினீவா நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைச் சேர்ந்தோர் முக்கியமானவர்கள். பெசுஷே, லோப்ல், முஸ்ஸார் என்னும் மூவர் 1970இல் இலங்கையிலும், 1972இல் நம் மலைகளிலும் சுற்றினர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர்கள் சலித்த இடங்களுள் இடுக்கியைச் சேர்ந்த வாளறை அருவிப் பகுதி, நெல்லியாம்பதியின் கைகாட்டி, ஆனைமலை, பழனிமலை ஆகியன அடங்கும். அவர்கள் கொண்டு சென்ற நுண்ணிய வண்டுகளை வகைப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு சிறு வண்டுக்குடும்பத்தைப் பற்றி லோப்ல் 1979இல் தனிக்கட்டுரையே எழுதினார். ஒரு மாத காலச் சலிப்பு, பல பத்தாண்டு உழைப்புக்கு வேலை கொடுத்துவிடுகிறது. சேகரிப்பது எளிது, பெயரிடுவதே அரிது.

அவர்கள் சீட்டுகளில் ஆனைமலை, பழனிமலைப் பகுதிகளுக்கு ‘மெட்ராஸ்’ என்றே எழுதப்பட்டுள்ளது. மாநிலத்தின் பெயர் 1969இலேயே மாறிவிட்டது. இடுக்கி மாவட்டமோ 1972 ஜனவரியில்தான் அமைந்தது. மார்ஷல் காலத்துச் சீட்டுகளில் குழப்பம் இன்னும் மிகுதி. அன்று பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவிலும், நெல்லியாம்பதி கொச்சி சமஸ்தானத்திலும், மூணாறு திருவிதாங்கூரிலும் இருந்தன. வெறுமனே ‘ஆனைமலை’ என்று எழுதிவைத்த சீட்டு, 700 மீட்டர் உயரத்து மூங்கிற்காட்டையும் குறிக்கலாம், 2,000 மீட்டர் உயரத்துச் சோலையையும் குறிக்கலாம். ஒரு மலைக்கு ஓரினம் என வாழும் உயிரைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே முழு வேறுபாடு. ஆகையால் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், முறை, சேகரித்தவர் பெயர் ஆகியவை சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். சீட்டில்லாத வண்டு அறிவியலுக்கு வெறும் தூசியே.

இனி, சேகரிக்கும் முறையைக் காண்போம். மரத்தடிகளிலும், பாறை இடுக்குகளிலும், வீழ்ந்த மரங்களின் பக்கத்திலும் சேர்ந்துள்ள சருகை, அடியிலுள்ள மட்கோடு வாரி எடுக்க வேண்டும். சுமார் ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடை பொருத்திய துணிப்பையில் அதை இட்டு நன்றாகக் குலுக்கினால், பெரிய இலைகள் மேலே நிற்க, நுண்துகளும் பிராணிகளும் அடியில் சேரும். காட்டில் பத்து மூட்டைச் சருகு, சலித்தபின் ஒரு சிறு பையில் அடங்கிவிடும். இதுவே இம்முறையின் பெரிய வசதி. சலித்த துகளிலிருந்து பிராணிகளை வெளியேற்ற இரண்டு கருவிகள் உண்டு. இத்தாலிய அறிஞர் பெர்லீஸ் 1905ஆம் ஆண்டில் அமைத்த புனல் ஒன்று. அதன்மேல் வெப்பம் படும்போது துகள் மேலிருந்து உலர, ஈரத்தை நாடும் உயிர்கள் கீழிறங்கிப் புனலின் வழியே ஆல்கஹால் குப்பியில் வீழ்கின்றன. மின்விளக்கால் வெப்பமூட்டும் திருத்தத்தை 1918இல் துல்கிரேன் செய்தார். மற்றொன்று விங்க்ளர் பை எனப்படும் துணிக்கூடு. அதற்கு விளக்கும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வலைப்பைகளில் துகளை நிரப்பிக் கூட்டினுள் தொங்கவிட்டால், காற்றிலேயே மெல்ல உலரும். வனத்துறை முகாமின் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுவதற்கு இதுவே ஏற்றது.

இங்கே பொறுமை தேவை. எறும்புகளும் சிலந்திகளும் முதல் நாளிலேயே இறங்கிவிடும். கூன்வண்டோ ஆபத்து நேர்ந்தால் கால்களையும் மூக்கையும் மடக்கிக்கொண்டு இறந்ததுபோல் கிடக்கும் இயல்புடையது. மூன்று நாட்களுக்கு முன் பையை அவிழ்ப்பவர் வண்டுகளைக் குப்பையோடு கொட்டிவிடுவார். சோலைக்காட்டின் ஈரக்காற்றில் இன்னும் ஓரிரு நாட்கள் கூட்டிக்கொள்வதே நலம். கருவி ஒன்றும் இல்லாதவர் வெள்ளைத் தட்டில் ஒரு பிடி துகளைப் பரப்பி, கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழித்து, மண்கட்டி என்று நினைத்த ஒன்று எழுந்து நடக்கத் தொடங்கும். வகுப்பறையில் இதனைக் காட்டுவதற்கு ஈடான பாடம் அதிகம் இல்லை.

பிடிபட்ட வண்டுகளில் சிலவற்றைச் செறிவுமிக்க ஆல்கஹாலில் வைத்துக் குளிர்ச்சியான இடத்தில் காக்க வேண்டும். மரபணு ஆராய்ச்சிக்கு அவை உதவும். மற்றவற்றை உலர்த்தி, சிறு முக்கோண அட்டை நுனியில் பசையிட்டு ஒட்டி, ஊசியில் ஏற்றுவர். உடலை மூடியுள்ள மண்ணைக் களைந்த பிறகே நுண்பெருக்கியில் உண்மை உருவம் தெரியும். மூக்கின் நீளம் மார்புத்தகட்டின் நீளத்தோடு எவ்விகிதத்தில் உள்ளது, கடின இறகுகளின் மேல் ஓடும் புள்ளி வரிசைகள் எப்படி அமைந்துள்ளன, செதில்கள் தட்டையானவையா நிமிர்ந்தவையா, தொடையில் பல் உண்டா, கால் நுனிக் கொக்கி எத்தகையது என ஒவ்வொன்றையும் அளந்து குறிக்க வேண்டும். இவ்வளவும் ஒத்திருந்து, இனம் மட்டும் வேறாக இருப்பதும் உண்டு. அப்போது முடிவு சொல்வது ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பே. வயிற்றுப்பகுதியைப் பிரித்தெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசையை நீக்கி, அவ்வுறுப்பின் வடிவத்தைப் படமாக வரைவர். நெருங்கிய இனங்களிலும் அது பூட்டுக்கேற்ற சாவிபோல் வேறுபடுகிறது. இந்நாளில் 658 எழுத்துக்கள் கொண்ட ஒரு மரபணுத் துண்டைப் படித்து ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. அது விரைவில் ஐயத்தை எழுப்பும். ஆனால் ஐயத்தைத் தீர்ப்பது உடலமைப்போடு சேர்த்துப் பார்க்கும்போதுதான்.

புதியது எனக் கூறுமுன், பழையது அன்று எனக் காட்ட வேண்டும். இதுவே வேலையின் கடினமான பகுதி. மார்ஷல் முதலியோர் பெயரிட்ட வண்டுகளின் மூல மாதிரிகள் பல இலண்டனில் உள்ளன. ஒரு பழைய வருணனை நான்கு வரிகளில் முடிந்திருக்கும். அதைப் படித்தால் பத்து இனங்களுக்கும் பொருந்தும். மூல மாதிரியைக் கண்ணால் கண்டு ஒப்பிடும்வரை எதுவும் உறுதியாகாது. அவசரப்பட்டு வைத்த பெயர், முன்னரே இருந்த ஒன்றின் மறுபெயரென்று பின்னர்த் தெரியவந்தால், விதிப்படி முந்தியதே நிலைக்கும்; பிந்தியது பட்டியலில் சுமையாகத் தங்கும். ஒரே ஒரு பெண்வண்டை வைத்துக்கொண்டு புதிய இனம் அறிவிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மீண்டும் அதே சோலைக்குச் சென்று ஓர் ஆணைத் தேடிப்பார்த்த பின் எழுதுவதே முறை.

ஐயம் தீர்ந்தபின் ஒரு வண்டை மூல மாதிரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1999க்குப் பின் வெளியாகும் பெயர்களுக்கு இது கட்டாயம். அது எந்தக் காட்சிச்சாலையில் வைக்கப்படும் என்பதும் குறிக்கப்பட வேண்டும். துணை மாதிரிகள் பலவற்றை வேறு நிலையங்களில் பகிர்ந்து வைக்கலாம். பெயர் இரு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தையும் மற்றது இனத்தையும் குறிக்கும். ஊர்ப்பெயரால் அமைப்பது, உருவத்தால் அமைப்பது, உழைத்தவர் ஒருவரைப் போற்றி அமைப்பது எல்லாம் ஏற்கத்தக்கவை. தன் பெயரையே தான் கண்ட வண்டுக்கு வைப்பதை விதி தடுக்கவில்லை, நாகரிகம் தடுக்கிறது. மின்வடிவில் மட்டும் வெளியாகும் இதழானால், 2012முதல் ‘ஸூபேங்க்’ பதிவேட்டில் பதிவு செய்திருந்தால்தான் பெயர் செல்லும்.

இரண்டு மில்லிமீட்டர் வண்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. கேரளத்தார் இதற்கு விடையை நேரில் கண்டவர்கள். ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என அங்கு வழங்கும் சால்வீனியா என்னும் நீர்ப்பெரணி, 1939இல் இலங்கையில் தென்பட்டு, பின்னர்க் கேரளத்துக் காயல்களையும் கால்வாய்களையும் குட்டநாட்டு வயல்களையும் மூடியது. படகு செல்ல வழியில்லை. வயலில் களை எடுத்து மாளவில்லை. இப்பெரணி நெடுங்காலம் தவறாக வேறோர் இனமென்றே கருதப்பட்டு வந்தது. ஆகவே அந்த வேறினத்தின் தாயகமான பகுதிகளில் அதைத் தின்னும் பூச்சிகளைத் தேடினர். அங்குக் கிடைத்த ‘சிர்ட்டோபேகஸ் சிங்குலாரிஸ்’ என்னும் கூன்வண்டை 1970களில் ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தும் பயனில்லை. 1972இல் மிச்சல் என்பவர் இப்பெரணி தனியினம் எனக் காட்டிப் பெயரிட்டார். 1978இல் அதன் உண்மையான தாயகம் தென்கிழக்குப் பிரேசில் எனத் தெரிந்தது. அங்கிருந்து கொணர்ந்த கூன்வண்டுகள் 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டன. அடுத்த ஆண்டிற்குள் சுமார் 200 ஹெக்டேர் பரப்பிலிருந்த களை அழிந்தது.

இந்த வண்டும் அதே சிங்குலாரிஸ் என்றே முதலில் எண்ணினர். கூர்ந்து நோக்கியபோதுதான் அது வேறெனப் புலப்பட்டது. 1985இல் கால்டர், சாண்ட்ஸ் இருவரும் ‘சிர்ட்டோபேகஸ் சால்வினியே’ என அதற்குப் பெயரிட்டனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று பெரணியின் மொட்டுகளை விரும்பித் தின்று, அதன் புழு தண்டைக் குடைந்து செடியையே மூழ்கடிக்கிறது. மற்றது அவ்வளவு தீங்கு செய்வதில்லை. 1983முதல் நம் நாட்டிலும் விடப்பட்ட இவ்வண்டு சில ஆண்டுகளில் கேரள நீர்நிலைகள் பலவற்றைத் திறந்துவிட்டது. செடியின் பெயர் தவறு, வண்டின் பெயர் தவறு என்னும் இரண்டு பிழைகள் பல ஆண்டு உழைப்பை வீணாக்கின.

தென்னைச் சிவப்புக் கூன்வண்டிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. 2010இல் கலிபோர்னியாவில் பிடிபட்ட வண்டு இந்த இனமே என அறிவிக்கப்பட்டது. 2013இல் மரபணுவை ஒப்பிட்டபோது, ஒன்றெனச் சேர்த்துவைத்திருந்த மற்றோரினமே அது எனத் தெரியவந்தது.

சோலைச் சருகில் உள்ள வண்டு நாளை எதற்கும் பயன்படும் என்று உறுதி கூறுவது என் நோக்கமன்று. ஆனால் நெல்லியாம்பதியிலும் மூணாற்றிலும் காடழித்துத் தேயிலை, காப்பி, யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்கள் வைக்கப்பட்ட நிலப்பரப்பு சிறிதன்று. ஏலத்தோட்டத்தில் மேல்மரங்கள் நிற்பினும் கீழ்ச்செடிகள் நீக்கப்படுகின்றன. ஒரே சோலையில் வாழும் இனத்துக்கு அச்சோலையில் நேரும் ஒரு தீ விபத்தே முடிவாகிவிடலாம். பெயரிடப்படாத இனமாயின், அழிந்தது என்று பதிவு செய்யவும் வழியில்லை.

களப்பணியாளர்கள் சில விதிகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியின்றி ஒரு பிடி சருகையும் எடுக்கலாகாது. 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி, புதிய இனம் எதுவாயினும் அதற்கென அமைந்த நிலையத்துக்கு அறிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளைப் பொறுத்தமட்டில் இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகையது. அதன் மேற்குத் தொடர்ச்சி மலை மண்டல நிலையம் கோழிக்கோட்டில் உள்ளது. ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்துச் சருகிலோ, உரியவர் இசைவுடன் தோப்புச் சருகிலோ பயிற்சியைத் தொடங்கலாம். சீட்டைக் குப்பியின் வெளியே ஒட்டக்கூடாது. ஆல்கஹால் கசிந்தால் எழுத்து அழியும், பசை விடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதி, வண்டோடு குப்பிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும்.